எடைமேடைக்காரர் பார்த்த பதினான்கு காலடி

என் மாமனார் முப்பத்தோரு வருடம் ஒரு காகித ஆலையில் லாரிகளுக்கு எடை போட்டவர். யாரையும் நம்பாமல் இருப்பதற்காகவே அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது. நம்பாமல் இருப்பது நிற்கவில்லை. அதை எங்கள் வீட்டில் இலவசமாகத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார்.

பால் பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்ப்பார். மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரைகளை வாசலிலேயே நின்று எண்ணுவார். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், "இந்தப் பொண்ணு ரொம்பச் சிரிக்குதே, என்னத்தையோ மறைக்குது" என்று மாமியாரிடம் சொன்னாராம். மாமியார் அதை அப்படியே என்னிடம் வந்து சொல்லிவிட்டார். அன்று முதல் நாங்கள் இருவரும் ஒரு கட்சி, அவர் எதிர்க்கட்சி.

எடைமேடை என்பது தரையோடு தரையாக ஓர் இரும்புத் தட்டு. பக்கத்தில் ஜன்னல் வைத்த சின்ன அறை. பழைய காகிதக் கட்டுகளோடு லாரி வரும். சரக்கோடு ஓர் எடை, இறக்கிய பிறகு காலி வண்டிக்கு ஓர் எடை. வித்தியாசத்துக்குத்தான் பணம். இந்த இரண்டு எடைக்கும் நடுவில் மனிதர்கள் என்னென்ன வித்தை காட்டுவார்கள் என்று அவர் சொல்லிக் கேட்க வேண்டும். கட்டுகளுக்கு நடுவே தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவார்கள். சரக்கு எடையின்போது இருக்கைக்கு அடியில் ஓர் ஆளைப் படுக்க வைப்பார்கள். காலி எடையின்போது ஒரு பின்சக்கரத்தை மட்டும் தட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஓட்டுநர் வானத்தைப் பார்ப்பார். துணைக்கு வந்தவன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வண்டியின்மேல் சாய்வான். அதனால் மாமனார் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். குனிந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்ப்பார். பிறகு ஆலைக்கே கேட்கிற மாதிரி கத்துவார்: "எல்லாரும் இறங்கு! கையை எடு!" ஓட்டுநர்கள் மத்தியில் அவருக்குக் 'கையெடு' என்றே பெயர்.

போன வருடம் மாமியார் சமையலறையில் குழாயை மூடப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால், பாதிப் பேச்சு போயிற்று. என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். அப்போது நடுக்கடலில் இருந்தார். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். அனுப்புவதற்கு முன் அங்கே ஓர் அலுவலர் எங்களை உட்காரவைத்து இரண்டு வழி சொன்னார். ஒன்று, பராமரிப்பு இல்லம். இன்னொன்று, வீட்டிலேயே வைத்துக்கொள்வது. பயிற்சி கொடுக்கவும் கவனித்துக்கொள்ளவும் ஆள்கள் வீட்டுக்கே வருவார்கள். மாமியார் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வீடு" என்றார். மறுபடியும், இன்னும் கொஞ்சம் சத்தமாக, "வீடு" என்றார். அன்றைக்கு அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் மத்தியானத்துக்கு மேல் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். காப்பீட்டுப் படிவம் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வரும் மருத்துவ உதவிக்கு யார் எதைக் கொடுப்பார்கள் என்று புரிந்துகொள்வதற்குள் எனக்கே தலை சுற்றிவிட்டது. மாமனாருக்கு ஆலை வழியாக வந்த காப்பீடு இன்னும் உயிரோடு இருந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால், நோயாளி பிறர் உதவியில்லாமல் வீட்டைவிட்டு வெளியே போக முடியாத நிலையில் இருந்தால், நர்ஸும் நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோவும் வருவதற்கு அவர்கள் பணம் கொடுப்பார்கள். குளிப்பாட்ட வரும் அம்மாளுக்கும் கொடுப்பார்கள். ஆனால் பிசியோ வருகிறவரைக்கும்தான். பிசியோ நின்றால் அதுவும் நிற்கும். சமையல், துணி துவைப்பது, கூட உட்கார்ந்திருப்பது இதற்கெல்லாம் எப்போதும் எதுவும் கிடையாது, அது நம் பாடு. எட்டு வாரத்துக்கு ஒரு முறை, இன்னும் தேவை இருக்கிறது என்று எழுதி அனுப்பிப் புதுப்பிக்க வேண்டும்.

நான் இவ்வளவையும் சொல்லி முடித்ததும் மாமனார் கேட்டார்.

"எல்லாத்தையும் அவங்களே குடுக்கறாங்களா?"

"எல்லாம் இல்ல மாமா. இந்த மூணு மட்டும்."

"சோழியன் குடுமி சும்மா ஆடுமா? இதுல என்னமோ இருக்கு."

பிசியோவாக வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். வேகமான நடை, சத்தமான சிரிப்பு. மாமனாரிடம் சிரிப்பு எடுபடாது என்பதை என்னைப் போலவே அவளும் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டாள். வாரத்துக்கு மூன்று நாள் காலை பத்து மணிக்கு வருவாள். வந்த நேரம், போன நேரம் எழுதிய தாளில் வீட்டார் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாளே தகராறு.

"பத்துன்னு போட்டிருக்கே. நீ வாசலுக்கு வந்தது பத்து ஏழு."

"கீழ வண்டி நிறுத்த இடம் தேடினேன் ஐயா."

"வண்டி நிறுத்துறதுக்கா காப்பீட்டுல பணம்? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்மா."

அவள் அடித்துவிட்டு 'பத்து ஏழு' என்று எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு எல்லா நாளும் அப்படித்தான். அவள் வருவதற்குள் இவர் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதைவிடப் பெரிய சந்தேகம் கதவு. உள்ளே போனதும் பிசியோ அறைக் கதவைச் சாத்திவிடுவாள். நாற்பது நிமிடம். உள்ளேயிருந்து சில சமயம் சிரிப்புக்கூடக் கேட்கும்.

"பயிற்சி குடுக்கறதுக்குக் கதவை எதுக்குச் சாத்தணும்? மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?" என்று என்னிடம் கிசுகிசுப்பார்.

"அத்தைதான் சாத்தச் சொல்றாங்க மாமா."

"அவளா சொன்னா? அவளுக்கு எங்க பேச்சு வருது?"

எனக்கும் சந்தேகம் வந்தது என்பதை மறைப்பானேன். ஆனால் பிசியோவின்மேல் இல்லை. மாமியார் என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை. ஒரு நாள் நான் தொலைபேசியில் பராமரிப்பு இல்லம் ஒன்றில் மாதக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்தேன். காப்பீடு நின்றுபோனால் எது நமக்குக் கட்டுப்படியாகும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளத்தான் கேட்டேன். திரும்பினால் அறைக் கதவு திறந்திருக்கிறது. மாமியார் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். தூங்குகிறவர்களின் இமை அப்படித் துடிக்காது. ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் செய்த தப்பு அது.

ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை மாமனார் பொறுமை இழந்தார். கதவைச் சாத்திய பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்க ஜன்னலுக்குப் போனார். நான் சமையலறையில் இருந்தபடியே பார்த்தேன்; திருடப் போகிறவர் மாதிரி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். திரை ஓரத்தில் கண்ணை வைத்தார். ஐந்து நிமிடம் அசையவில்லை. பிறகு உள்ளே வந்து மூக்கைச் சிந்திக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நடக்கறாம்மா," என்றார். "கட்டில்லேருந்து அலமாரி வரைக்கும். எண்ணினேன். பதினாலு அடி எடுத்து வச்சா."

அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு நாள் அவர் யாரையும் சந்தேகப்படவில்லை. பாலைக்கூட எடை பார்க்காமல் காய்ச்சவிட்டார்.

வெள்ளிக்கிழமை புதுப்பிக்கும் படிவம் வந்தது. பிசியோ எழுதியிருந்தாள்: 'நோயாளியால் தனியாக நிற்கவோ நடக்கவோ முடியாது. மற்றொருவர் உடல் எடையைத் தாங்கினால் மட்டுமே சில அடிகள் எடுத்து வைக்கிறார்.' கீழே வீட்டாரின் கையெழுத்துக்கு இடம். நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், "கையெழுத்துப் போட்டு வைங்க மாமா, நாளைக்கு அந்தப் பொண்ணு வாங்கிட்டுப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் அந்தப் படிவத்தை அவர் தரவில்லை. தானே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். சரி, பொறுப்பானவர் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. நோயாளி தனியாக நடப்பதாகக் குடும்பத்தாரே எழுதித் தெரிவித்திருப்பதால், வரும் வெள்ளியோடு பிசியோவும் அதைச் சார்ந்த மற்ற உதவிகளும் நிறுத்தப்படுகின்றன. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஓர் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். கூடவே ஆதாரமாக ஒரு நகல். பிசியோ எழுதிய வரிகளுக்கு மேலே கோடு. பக்கத்தில் எடைமேடைக் கையெழுத்தில்: 'பொய். தனியாக நடக்கிறார். புதன் காலை 10.35க்கு நானே நேரில் கண்டேன். பதினான்கு காலடி.' கீழே கையெழுத்து, தேதி.

அதுவும் பிசியோவை அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் மறைத்துவிடுவார்கள் என்று, நேராகக் காப்பீட்டு அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?"

"நடக்கறவளை நடக்கலன்னு எழுதி ஆயுசுக்கும் பணம் கறக்கப் பாக்கறாங்க. நான் கையெழுத்துப் போடணுமா? அவ நடக்கறா. நான் கண்ணால பார்த்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் வீட்டில் இருந்த பாத்திரமெல்லாம் சத்தம் போட்டது.

சனிக்கிழமை காலை நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, உள்ளே மாமனாரின் குரல் கேட்டது. "எழுந்திரு பாப்போம். நீதான் நடப்பியே. யார் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" அதன் பிறகு எதுவோ தரையில் இடிக்கும் சத்தம். நான் ஓடினேன். மாமியார் கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். சரிந்தவரைப் பிடிக்கப் போன மாமனார் பக்கத்தில் முட்டி போட்டிருந்தார். நல்லவேளை, அடி இல்லை. இருவரையும் தூக்கி நிமிர்த்துவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"அன்னிக்கு நடந்தியே?" என்றார் அவர், குழந்தையிடம் கேட்பதுபோல.

மாமியார் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "அவ... பிடிச்சா."

கதவுக்குப் பின்னால் ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. கெட்டித் துணியில் ஓர் அகலப் பட்டை, பின்பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஒரு வளையம். அதை மாமியார் இடுப்பில் கட்டி, பிசியோ பின்னாலிருந்து பிடித்துத் தாங்குவாள். கயிறு கட்டிய மாடு மாதிரி இருக்கிறேன் என்று மாமியாருக்கு வெட்கம். புருஷன் பார்த்துவிடக் கூடாது. அதற்குத்தான் சாத்திய கதவு. அதற்குத்தான், அறைக்குள்ளேயே தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரு பெரிய சால்வை. ஜன்னல் வழியாகப் பார்த்தவருக்குச் சால்வை தெரிந்தது, காலடி தெரிந்தது. சால்வைக்குள் இருந்த கை தெரியவில்லை.

மாமனார் அந்தப் பட்டையை வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையத்துக்குள் தன் கையை விட்டுப் பார்த்தார்.

"கண்ணால் காண்பதும் பொய்யின்னு சும்மாவா சொன்னாங்க?" என்றேன். இன்னும் நாலு சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

"ஒரு சக்கரம் வெளியில நின்னிருக்கும்மா," என்றார். "முப்பத்தோரு வருஷம். நான் பாக்கலையே."

மேல்முறையீட்டை நான் எழுதினேன். மருத்துவர் ஒரு கடிதம் கொடுத்தார். ஆய்வாளர் வருகிற நாளில் சம்பளம் இல்லாமலே பிசியோ வருவதாகச் சொன்னாள். ஏன் சம்பளம் இல்லாமல் வருகிறாள் என்று மாமனார் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கியது எனக்குத் தெரிந்தது.

ஆனால் மாமியாரின் மனதில் ஓடியது வேறு. ஆய்வாளர் வருகிறார் என்று சொன்ன நாளிலிருந்து அவர் என் கையால் சாப்பிட மறுத்தார். இடது கையால் தானே, பாதி சிந்திச் சாப்பிட்டார். ஆய்வாளர் வருகிற அன்று காலை பிசியோ என்னை ஓரமாக அழைத்துச் சொன்னாள்.

"அக்கா, நல்லா நடந்து காட்டிட்டா வீட்டுலயே விட்டுடுவாங்கன்னு அம்மா நினைச்சுக்கிட்டிருக்காங்க. தடுமாறினா இல்லத்துக்கு அனுப்பிடுவீங்களாம். என்னை இறுக்கிப் பிடிக்கச் சொல்றாங்க."

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அப்படி இல்லை அத்தை, நேர்மாறு. நடக்க முடியவில்லை என்று தெரிந்தால்தான் ஆள் வருவார்கள், ஆள் வந்தால்தான் நீங்கள் வீட்டில் இருக்கலாம். அவர் என்னையே பார்த்தார். தொலைபேசியில் என் குரலைக் கேட்டவர் ஆயிற்றே. ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

ஆய்வாளர் பதினொரு மணிக்கு வந்தார். மெலிந்த மனிதர், கையில் கோப்பு, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. 'உங்களை மாதிரி நூறு பேரைப் பார்த்திருக்கிறேன்' என்று அவர் உட்கார்ந்த விதமே சொல்லிற்று. மாமியார் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். பிசியோ பின்னால். ஒன்று, இரண்டு, மூன்று. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. பதினான்காவது அடியில் அலமாரியைத் தொட்டு நிமிர்ந்து, ஆய்வாளரைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்தார்.

"நல்லாத்தானே நடக்கறாங்க?" என்றார் ஆய்வாளர்.

"நான் பின்னாலேருந்து தாங்கிட்டிருக்கேன் சார். பாதி எடைக்கு மேல என் கையிலதான் இருக்கு."

"நீங்க ஏஜென்சி ஆளு, அப்படித்தான் சொல்லுவீங்க. பாதுகாப்புக்காக லேசாப் பிடிக்கறது வேற." கோப்பைத் திறந்தார். "இவங்க வீட்டுக்காரரே எழுதியிருக்காரு பாருங்க. பதினாலு காலடி. இப்பவும் பதினாலுதான். கரெக்டா இருக்கு."

மாமியாரின் முகம் மலர்ந்தது.

அப்போது மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தார். அலமாரியருகில் நிற்கும் மனைவியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பாதங்களைப் பார்த்தார். சால்வையைப் பின்பக்கம் விலக்கி, பட்டையையும் பிசியோவின் கையையும் பார்த்தார். அவள் கைநரம்பு புடைத்திருந்தது. பிறகு முன்னால் வந்து மனைவிக்கு ஒரு முழம் தள்ளிக் கால்களை அகட்டி நின்றார்.

"கையை எடும்மா," என்றார்.

"விழுந்துடுவாங்க ஐயா."

"நான் இருக்கேன். எடு."

மாமியார் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "வேணாங்க," என்றார். "வேணாங்க. வீடு."

பிசியோ பிடியை விட்டாள். கையை முழுக்க விலக்கவில்லை, விரல்கள் பட்டையைத் தொடாமல் பக்கத்திலேயே இருந்தன. மாமியார் ஒரு கணம் நின்றார். வலது முழங்கால் மடங்கியது. உடம்பு மொத்தமும் முன்னால் சாய்ந்தது. மாமனார் நெஞ்சோடு வாங்கிக்கொண்டார். வாங்கிய வேகத்தில் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் மோதி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எழுதிக்குங்க," என்றார் மூச்சு வாங்க. "இதுதான் முழு எடை. அன்னிக்கு நான் எழுதினது தப்பு. கையைப் பார்க்காம எழுதிட்டேன்."

ஆய்வாளர் கோப்பை மூடிவிட்டு, முதலில் நாற்காலியை இழுத்துப் போட வந்தார். மாமியார் மாமனாரின் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டே, நல்ல கையால் அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தார். அவர் அடியை வாங்கிக்கொண்டு நின்றார்.

பதினோரு நாள் மாமியார் எங்கள் இருவரோடும் பேசவில்லை. புருஷனே காட்டிக் கொடுத்துவிட்டார், இனி எந்த நாளும் இல்லத்து வண்டி வந்து நிற்கும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிதம் வந்தது: இன்னும் எட்டு வாரத்துக்கு அனுமதி. மாமனார் கட்டிலருகில் உட்கார்ந்து படித்துக் காட்டினார்.

"பொய்," என்றார் மாமியார்.

என்னைப் படிக்கச் சொன்னார். நானும் படித்தேன். "பொய்." திங்கட்கிழமை பத்து ஏழுக்குப் பிசியோ வந்து செருப்பைக் கழற்றியபோதுதான் நம்பினார். மாமனார் தாளில் 'பத்து ஏழு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது மட்டும் மாறவில்லை.

ஆனால் அறைக் கதவு அன்று சாத்தப்படவில்லை. பட்டையைப் பிடிப்பது எப்படி என்று பிசியோ மாமனாருக்குச் சொல்லிக் கொடுத்தாள். எட்டு வாரம் முடிந்தால் மறுபடியும் கடிதம், மறுபடியும் சந்தேகம். அவர்கள் வராத நாளிலும் யாராவது பிடிக்க வேண்டுமே. இப்போது தினமும் சாயங்காலம் அவர்தான் பிடிக்கிறார். சால்வை இல்லை.

மாமியார் ஒவ்வொரு காலடிக்கும் முன்னால் இடது கையைப் பின்னால் கொண்டுபோய், அவர் கை வளையத்துக்குள் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் காலை எடுத்து வைக்கிறார். மறுபடியும் தடவிப் பார்க்கிறார். பதினான்கு தடவையும்.

மாமியார் தடவிப் பார்த்து முடிக்கும்வரை மாமனார் காத்திருக்கிறார்.